ஐந்தாவது பெட்டி ஏறிய கதை: 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் பிடிமானம் தேடி

போன ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்கு என் பொம்மை ரயிலின் குட்டி நீராவி எஞ்சின் (உள்ளே ஓடுவது மின் மோட்டார்தான்) ஐந்து பெட்டிகளோடு மேம்பாலம் ஏறியது. கேட்பவர்களுக்கு இது ஒரு செய்தியாகவே படாது. ஆனால் அந்த எஞ்சினை இரண்டு பெட்டியிலிருந்து ஐந்து பெட்டிக்குக் கொண்டுவர எனக்கு நான்கு மாதம் ஆனது. அதில் மூன்று மாதம் தவறான பக்கம் போன மாதங்கள். அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன். வேறு யாராவது வால்வு டியூபை எடுத்துக்கொண்டு உட்காருவதற்கு முன் இதைப் படித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகும்.

முதலில் இருப்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். திருச்சியில் மாடி அறையில், வீடு கட்டியபோது மிஞ்சிய ஒரு ஃபிளஷ் கதவின் மேல் இந்த ரயில் பாதை ஓடுகிறது. கதவின் நீளம் 1,800 மில்லிமீட்டர், அகலம் 750. பாதை 'என்' (N) ஸ்கேல் என்ற அளவு. அதாவது 160-இல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 9 மில்லிமீட்டர். பாதை தன்னையே கடக்கும் இடத்தில் ஒரு மேம்பாலம். அதற்கு ஏறும் சரிவு 1,500 மில்லிமீட்டர் நீளத்தில் 50 மில்லிமீட்டர் உயரம், 30-க்கு 1. சரிவில் பாதிக்கு மேல் 282 மில்லிமீட்டர் ஆர வளைவில் கிடக்கிறது. எஞ்சின் பழைய ஜெர்மானிய டேங்க் எஞ்சின் (தண்ணீர்த் தொட்டியைத் தன் உடலிலேயே சுமக்கும் வகை), இரண்டாம் கையாக வாங்கியது. நடுவில் ஆறு இழுவைச் சக்கரங்கள், முன்னால் இரண்டும் பின்னால் இரண்டும் சும்மா உருளும் சிறுசக்கரங்கள். பெட்டிகள் ஐந்து, ஒவ்வொன்றும் 28 கிராம். அவற்றில் இரண்டுக்கு மகளின் விருப்பப்படி உள்ளே விளக்கு வைத்திருந்தேன். இந்த விளக்குகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பெட்டிகளோடு எஞ்சின் ஒழுங்காக ஏறும். மூன்றாவதை மாட்டினால் வளைவுக்குள் நுழைந்ததும் நின்றுவிடும். மோட்டார் ஓடும், இணைப்புக் கம்பிகள் அழகாக மேலும் கீழும் ஆடும், வண்டி மட்டும் நகராது.

கண்ணால் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்துபோவோம் என்று தோன்றியதால் இழுவையை அளக்க ஏற்பாடு செய்தேன். ஆன்லைனில் 420 ரூபாய்க்கு ஒரு பாக்கெட் நகைத் தராசு வாங்கினேன். 200 கிராம் வரை நிறுக்கும், 0.01 கிராம் வரை காட்டும். மேஜை விளிம்பில் சமதளத் தண்டவாளம். எஞ்சினின் கொக்கியில் ஒரு தையல் நூல். நூல் விளிம்பில் இருக்கும் சின்ன பால் பேரிங் மேல் ஏறிக் கீழே இறங்கி, தராசில் வைத்த 50 கிராம் எடைக்கல்லில் கட்டப்பட்டிருக்கும். எஞ்சின் இழுத்தால் கல் லேசாகத் தூக்கப்படும், தராசு காட்டும் எடை குறையும். குறைந்த அளவே இழுவை. மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசி இரண்டு இலக்கங்கள் நிற்காது. மே மாதத் திருச்சியில் மின்விசிறி இல்லாமல் மாடி அறையில் உட்கார்ந்ததையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முதல் அளவு 7.2 கிராம்.

அதன் பிறகு செய்தது எல்லோரும் செய்வது, சுத்தம். பழைய உரிமையாளர் தையல் மெஷின் எண்ணெயை ஊற்றியிருந்தார் போலும். அச்சிலிருந்து வழிந்து சக்கரத்தின் ஓரம் வரை வந்திருந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த டிஷ்யூ தாளைத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு, எஞ்சினின் பாதியை அதன் மேலும் மீதியை வெறும் தண்டவாளத்திலும் நிறுத்தி, மின்சாரம் கொடுத்துக் கையால் பிடித்துக்கொண்டால் சக்கரங்கள் தாளில் உரசித் தாமே துடைத்துக்கொள்ளும். இரண்டு கறுப்புக் கோடுகள் விழும். கோடு விழாமல் போகும் வரை தாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஏழு தாள்கள் ஆயின. இழுவை 7.6 ஆனது. அவ்வளவுதான். ஆனால் இதைச் செய்யாமல் மேற்கொண்டு போனால் பின்னால் வரும் அளவுகள் எதையும் நம்ப முடியாது.

அடுத்தது எடை. சக்கரம் வழுக்கினால் எடை கூட்டு என்பது சரியான வைத்தியம்தான், நான் மருந்து போட்ட இடம்தான் தப்பு. தூண்டில் கடையில் வாங்கிய ஈயக் குண்டைத் தட்டையாகத் தட்டி, 8 கிராம் அளவுக்கு வெட்டி, எஞ்சினின் பின்பக்க நிலக்கரிப் பெட்டிக்குள் ஒட்டினேன். அங்கேதான் காலியிடம் இருந்தது. எட்டு கிராம் சேர்த்ததற்கு இழுவை 8.1 ஆனது. அரை கிராம்தான் லாபம். கூடவே பாயின்ட்டை, அதாவது தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தை, கடக்கும்போதெல்லாம் முன்சக்கரம் தடம் புரள ஆரம்பித்தது. வால் பாரமாகி மூக்கு தூக்கிக்கொண்டது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஈயத்தைப் பற்றி ஒரு வார்த்தை: உள்ளே ஒட்டுவதானால் அரால்டைட் போட்டு ஒட்டுங்கள். மர வேலைக்கான வெள்ளைப் பசையில் ஈயக் குருணையைக் குழைத்து நிரப்பினால், காலப்போக்கில் ஈயம் வெள்ளைத் தூளாகி ஊதி, பொம்மையின் உடலையே பிளந்துவிடும். பழைய மாடல்காரர்கள் பலர் இப்படி எஞ்சின்களை இழந்திருக்கிறார்கள்.

எடை உதவவில்லை என்று தவறாக முடிவு கட்டிவிட்டு ரப்பருக்குத் தாவினேன். விற்பனைக்கு வரும் பல எஞ்சின்களில் ஒரு ஜோடிச் சக்கரத்தில் பள்ளம் வெட்டி அதில் மெல்லிய ரப்பர் வளையம் மாட்டியிருப்பார்கள். என் எஞ்சினில் பள்ளம் கிடையாது. சைக்கிள் கடையில் 5 ரூபாய்க்கு ஒரு துண்டு வால்வு டியூப் வாங்கி, பிளேடால் 1 மில்லிமீட்டர் அகலத்துக்கு வளையம் வெட்டி, இடுக்கியால் இழுத்துப் பின்சக்கரத்தில் மாட்டினேன். மாட்டியது எவ்வளவு சிரமம் என்பதைத் தனியாகவே எழுதலாம். வெர்னியரில் பார்த்தால் இழுபட்ட பிறகும் ரப்பர் 0.6 மில்லிமீட்டர் தடிமன். சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்துக்குக் கீழே இறங்கும் ஆழமே 1 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எஞ்சின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு, தண்டவாளத்தைப் பிடிக்க விளிம்பு போதாமல், முதல் வளைவிலேயே நேராகப் போய் மேஜையில் இறங்கியது. அரை மீட்டர் ஓடியிருந்தால் அதிகம்.

இதற்குப் பிறகுதான் அந்தப் பச்சைக் குழம்பு. அமெரிக்காவில் விற்கும் புல்ஃபிராக் ஸ்னாட் என்ற திரவம் அது. தமிழில் சொன்னால் தவளைச் சளி. பெயரைச் சொல்லி மனைவியிடம் 2,600 ரூபாய்க்குக் கணக்குக் கொடுத்தது இந்தத் திட்டத்தின் மிகக் கடினமான கட்டம். எஞ்சினைத் தலைகீழாக நுரைப் படுக்கையில் வைத்து, இரண்டு கம்பிகளால் மெதுவாக ஓட்டிக்கொண்டே, பல் குத்தும் குச்சியின் நுனியில் ஒரு துளி எடுத்துச் சுழலும் சக்கரத்தின் மேல் தொட்டால் அது தானே பரவுகிறது. பிறகு ஒரு நாள் காய விட வேண்டும். மெல்லியதாகப் போட்டால்தான் நல்லது. தடித்துவிட்டால் சக்கரம் முட்டை வடிவமாகி, வண்டி குதித்துக் குதித்து ஓடும். முதல் முயற்சியில் எனக்கு அப்படித்தான் ஆனது. நகத்தால் உரித்தெடுத்துவிட்டு மறுபடி போட்டேன்.

பின் அச்சின் இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் போட்டதில் இழுவை 14.1 கிராம். கிட்டத்தட்ட இரட்டிப்பு! நான்கு பெட்டிகள் ஏறின. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஐந்தாவது ஏறவில்லையே என்று நடு அச்சுக்கும் போட்டேன். ஐந்தும் ஏறின.

ஏறின என்றால், ஏறி ஏறி நின்றன. இந்த எஞ்சின் மின்சாரத்தைத் தண்டவாளத்திலிருந்து இழுவைச் சக்கரங்கள் வழியாகத்தான் எடுக்கிறது. சிறுசக்கரங்கள் எடுப்பதில்லை. ஆறில் நான்குக்கு ரப்பர் போர்வை போர்த்திவிட்டால் மிஞ்சுவது இரண்டு. பாயின்ட்டின் நடுவில் ஒரு விரற்கடை அளவுக்குப் பிளாஸ்டிக் இருக்கிறது, அதன் மேல் வந்ததும் வண்டி செத்தது. விரலால் தட்டிவிட வேண்டியிருந்தது. இன்னொன்றும் நடந்தது. பாலத்தின் வாயில் ஒரு பெட்டி தடம் புரண்டு மாட்டிக்கொண்டது. பழைய எஞ்சினாக இருந்தால் சக்கரம் வழுக்கிச் சுழன்றுகொண்டிருக்கும். இப்போது வழுக்க வழியில்லை. மோட்டார் அப்படியே நின்று உறுமியது. நான் கீழே காபி குடித்துக்கொண்டிருந்தேன். மேலே வந்தபோது வார்னிஷ் கருகும் வாசனை அடித்தது. மோட்டார் பிழைத்தது என் அதிர்ஷ்டம். அன்றே நான்கு சக்கரங்களிலிருந்தும் பச்சைத் தோலை உரித்தேன். அழகாக ஒரே வளையமாக வந்தது, அந்த நன்றியைச் சொல்லத்தான் வேண்டும்.

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1928-இல் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்த பணிமனை அது. நீலகிரி மலை ரயிலுக்கான புது நீராவி எஞ்சின்களைக் கூட அங்கேதான் கட்டினார்கள். அப்பாவுக்கு என் பொம்மை ரயில்மேல் பெரிய மரியாதை இல்லை. மாலையில் மாடிக்குக் காற்று வாங்க வருவார், ஒரு நிமிடம் நின்று பார்ப்பார், போவார். அன்று நான் சக்கரத்தை உரித்துக்கொண்டிருந்தபோது நின்றார்.

"என்ன தம்பி, இன்னும் வழுக்குகிறதா?"

"மணல் பெட்டி ஒன்றுதான்ப்பா பாக்கி" என்றேன். நிஜ எஞ்சின்களில் சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவுவார்கள். ஈரத் தண்டவாளத்தில் பிடிமானத்துக்கு இன்றைக்கும் அதுதான் வழி. பொம்மையில் தூவினால் கியருக்குள் போய்விடும், மின்சாரமும் தடைபடும்.

அவர் சிரிக்கவில்லை. "எஞ்சினையே நோண்டிக்கொண்டிருக்கிறாய். பெட்டியில் பிரேக் பைண்டிங் இருக்கிறதா என்று பார்த்தாயா?"

பிரேக் பைண்டிங் என்றால் பிரேக் கட்டைகள் விடாமல் சக்கரத்தைக் கவ்விக்கொண்டிருப்பது. என் பெட்டிகளில் பிரேக்கே கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் குனிந்து ஒரு பெட்டியைச் சுண்டுவிரலால் தள்ளினார். அது ஒரு சாண் உருண்டு நின்றது. அடுத்து விளக்கு வைத்த பெட்டியைத் தள்ளினார். விரல் விட்ட இடத்திலேயே நின்றது. "இது என்ன?" என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

மூன்று மாதம் எஞ்சினை 0.01 கிராம் வரை அளந்தவன், பெட்டியை ஒரு தரம்கூட அளக்கவில்லை.

பெட்டியை அளக்கத் தராசு வேண்டாம். 600 மில்லிமீட்டர் பலகையில் ஒரு நேர்த் தண்டவாளத்தை ஒட்டி, பெட்டியை அதில் வைத்து, ஒரு முனையை மெதுவாக உயர்த்தினேன். பெட்டி தானாக உருளத் தொடங்கும் உயரத்தை ஸ்டீல் ஸ்கேலில் படித்தேன். உயரத்தை நீளத்தால் வகுத்தால் உருள்வதற்கான தடை கிடைத்துவிடும். சாதாரணப் பெட்டிகள் மூன்றும் 30 மில்லிமீட்டர் அருகே உருண்டன, அதாவது தம் எடையில் 5 சதவீதம். விளக்குப் பெட்டிகள் 50 மில்லிமீட்டர் உயர்த்திய பிறகே அசைந்தன. 8 சதவீதத்துக்கும் மேல். ஒரு விளக்குப் பெட்டியைச் சமதளத்தில் இழுக்கவே 2.3 கிராம் வேண்டும். 30-க்கு 1 ஏற்றத்தில் 28 கிராம் பெட்டியைத் தூக்க ஆகும் கூடுதல் சுமை 0.93 கிராம்தான். நான் மலையைத் திட்டிக்கொண்டிருந்தேன், மலையைவிட இரண்டரை மடங்கு பாரத்தை இரண்டு விளக்குகள் போட்டுக்கொண்டிருந்தன.

விளக்குக்கு மின்சாரம் எடுக்க நானே வைத்த செம்புப் பட்டைகள்தான் அந்தப் பிரேக் கட்டைகள். 2 மில்லிமீட்டர் அகலப் பட்டை ஒவ்வொரு சக்கரத்தின் உட்பக்கத்தையும் அழுத்திக்கொண்டிருந்தது. விளக்கு சிமிட்டாமல் இருக்க வேண்டும் என்று நான்தான் நன்றாக வளைத்து அழுத்தி வைத்திருந்தேன். அதற்குப் பதிலாக மெல்லிய, நெளியும் கம்பி வேண்டும். மகளின் கிட்டாரில் அறுந்த தடிக் கம்பி ஒன்று கிடந்தது. அகூஸ்டிக் கிட்டாரின் தடிக் கம்பிகளில் மேலே சுற்றியிருப்பது பெரும்பாலும் பாஸ்பர் வெண்கலம். இதே வேலைக்கு விலை கொடுத்து வாங்கும் உலோகம் அது. சுற்றைப் பிரித்தெடுத்து, இரண்டு கட்டைகளுக்கு நடுவே உருட்டி நேராக்கி, 20 மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டி, பட்டைக்குப் பதிலாகப் பற்றவைத்தேன். அழுத்தவே இல்லை, தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கும்படி. நான்கு சக்கரங்களில் இரண்டுக்குப் போதும் என்று விட்டேன். எப்போதாவது விளக்கு சிமிட்டும். மகள் அதை நிஜ ரயில் மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். உயரம் 50-இலிருந்து 18 மில்லிமீட்டராக இறங்கியது, 3 சதவீதம்.

சாதாரணப் பெட்டிகளின் சக்கரங்களைக் கழற்றினால் அச்சின் முனையில் முடி. நிஜமாகவே முடி, ஒரு பந்தாகச் சுற்றிக்கொண்டு. கூடவே தரைவிரிப்பின் நூலிழை. இடுக்கியால் எடுத்துவிட்டு, அச்சு உட்காரும் குழியில் 8பி பென்சில் முனையைத் திருகிக் கிராஃபைட் தடவினேன். எண்ணெய் போடவே இல்லை. எண்ணெய் இன்றில்லாவிட்டால் நாளை சக்கரத்துக்கு வந்து சேரும். மூன்றும் 12 மில்லிமீட்டரில் உருண்டன. ஒரு மாலை வேலை, செலவு பூஜ்ஜியம்.

அன்று எஞ்சினைத் தொடாமலேயே மூன்றாவது பெட்டி ஏறியது.

அதன் பிறகு எஞ்சினுக்குத் திரும்பினேன், இந்த முறை வேறு கேள்வியோடு. எஞ்சினின் மொத்த எடை 58 கிராம். அதில் இழுவைச் சக்கரங்கள் மேல் எவ்வளவு? நகைத் தராசின் தட்டில் ஆறு சக்கரங்களுக்கு மட்டும் இடம் கொடுக்கும் தண்டவாளத் துண்டை வைத்து, இருபுறமும் அதே உயரத்தில் மரக்கட்டைகளில் தண்டவாளம் வைத்து, சிறுசக்கரங்கள் கட்டைகளில் நிற்கும்படி எஞ்சினை நிறுத்தினேன். தராசு காட்டியது 39 கிராம்! மீதி 19 கிராமைச் சும்மா உருளும் சிறுசக்கரங்கள் சுமந்தன. அவற்றின் மேலிருக்கும் ஸ்பிரிங்குகள் கீழே அழுத்துகிறோம் என்ற பெயரில் எஞ்சினை மேலே தூக்கிக்கொண்டிருந்தன. பின்பக்கம் ஒட்டிய 8 கிராம் ஈயம் எங்கே போனது என்பதும் இப்போது புரிந்தது. பெரும்பகுதி பின் சிறுசக்கரத்துக்குச் சோறு போட்டிருக்கிறது. அதைப் பெயர்த்து எறிந்தேன்.

ஸ்பிரிங்கைத் தளர்த்துவது எளிது, அளவோடு நிறுத்துவது கடினம். பின் ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று வெட்டினேன், சரியாக வந்தது. அந்த உற்சாகத்தில் முன் ஸ்பிரிங்கில் மூன்று சுற்று வெட்டினேன். முன் சிறுசக்கரம் பாயின்ட்டில் நுழையும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் ஏறியது. வெட்டியதை ஒட்ட முடியாது. தயிர் டப்பா மூடியிலிருந்து 0.5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கை வட்டமாக வெட்டி ஸ்பிரிங்குக்கு மேல் வாஷராக வைத்ததும் அடங்கியது. இழுவைச் சக்கரங்கள் மேல் இப்போது 45.5 கிராம். இழுவை 8.9. ஒரு கிராம் எடைகூடச் சேர்க்காமல் வந்தது இது.

சேர்ப்பது இனிமேல்தான். 'என்' ஸ்கேலில் எஞ்சினுக்குள் இடம் என்பது சுண்டைக்காய் அளவு. நீளம், அகலம், உயரம் மூன்றும் 160-இல் ஒன்றாகச் சுருங்கினால் எடை சுமார் 41 லட்சத்தில் ஒன்றாகிவிடும். 100 டன் எஞ்சின் இங்கே 24 கிராம்தான் இருக்க வேண்டும். அதனால் இருக்கும் இடத்தில் எது மிக அடர்த்தியோ அதைத்தான் திணிக்க வேண்டும். ஈயம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம். டங்ஸ்டன் 19.3. வெளிநாட்டு மாடல்காரர்கள் டங்ஸ்டன் பொட்டலம் வாங்குகிறார்கள், அஞ்சல் செலவோடு பார்த்தால் தலை சுற்றும். ஆனால் திருச்சிக்காரனுக்கு டங்ஸ்டனா பஞ்சம்? பெல் நிறுவனத்தைச் சுற்றித் துவாக்குடி வரை வெல்டிங் பட்டறைகள். டிக் (TIG) வெல்டிங்குக்கு உபயோகிக்கும் ராடே டங்ஸ்டன்தான்.

"எத்தனை பாக்கெட் சார்?"

"ஒரே ஒரு ராடு."

கடைக்காரர் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 2.4 மில்லிமீட்டர் விட்டம், 150 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒன்றை 160 ரூபாய்க்குக் கொடுத்தார். எடை 13.1 கிராம். முனையின் நிறத்தைப் பார்த்து வாங்குங்கள். சிவப்பு முனையில் தோரியம் கலந்திருக்கும், அதை வெட்டும் தூள் மூச்சில் போகக் கூடாது. நான் வாங்கியது பச்சை முனை, கலப்பில்லாதது. ரம்பத்தால் வெட்ட முடியாது, ரம்பத்தின் பல்தான் போகும். சின்ன கை கிரைண்டரில் வைரத் தட்டு மாட்டி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுச் சுற்றிலும் கீறல் போட்டு, துணியில் சுற்றிக் குறடால் ஒடித்தேன். கண்ணாடி மாதிரி ஒடிகிறது. ஒரு துண்டு நீளவாக்கில் பிளந்தது, அதையும் விடவில்லை, ஒட்டிச் சேர்த்துக்கொண்டேன். முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம்.

28 மில்லிமீட்டர் துண்டுகள் நான்கு. இரு பக்கத் தண்ணீர்த் தொட்டிகளுக்குள் இரண்டிரண்டு, சரியாக நடு இழுவை அச்சுக்கு மேலே. எஞ்சினை ஒரு பென்சிலின் மேல் குறுக்காக வைத்துப் பார்த்தேன். நடு அச்சுக்கு நேரே வைத்தால் தராசுத் தண்டு மாதிரி நிற்க வேண்டும். நின்றது. 9.8 கிராம் சேர்ந்தது. மிச்சமிருந்த துண்டிலிருந்து ஒரு சின்ன உருளையை வெட்டிப் புகைக்கூண்டுக்குக் கீழே குறுக்காகச் செருகினேன். பேராசை. கன்ட்ரோலரைத் திருப்பியதும் 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு இருட்டு. இந்த எஞ்சினின் அடிச்சட்டம் இரண்டு பாதி உலோகம். இடது பாதி ஒரு முனை, வலது பாதி இன்னொரு முனை. நடுவில் மெல்லிய காப்புத்தாள். நான் அந்த இரண்டுக்கும் நடுவே அருமையான ஒரு பாலம் கட்டியிருந்தேன். கன்ட்ரோலரின் பாதுகாப்பு வேலை செய்ததால் தப்பித்தது. உருளையை எடுத்துவிட்டு, தொட்டித் துண்டுகளுக்கும் காப்டான் டேப் (மின்காப்பு நாடா) ஒரு சுற்றுச் சுற்றினேன்.

இழுவைச் சக்கரங்கள் மேல் 54.9 கிராம். இழுவை 10.8. தொடக்கத்திலிருந்து கணக்குப் பார்த்தால், ரப்பர் ஒட்டாத வெறும் உலோகச் சக்கரம் தன் மேலிருக்கும் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகவே இழுத்திருக்கிறது. சுத்தம் செய்த பிறகு அந்தப் பங்கு மாறவே இல்லை. மோட்டாரையும் சோதித்தேன். 12 வோல்ட் கொடுத்து எஞ்சினைக் கையால் தடுத்தால் சக்கரம் வழுக்கிச் சுழல வேண்டும், நின்றுவிடக் கூடாது. சுழன்றது. மின்னோட்டம் 0.31 ஆம்பியர். எடை கூட்டும் ஆசைக்கு இதுதான் எல்லைக்கோடு.

நான்கு பெட்டிகள் ஏறின. ஐந்தாவது, வளைவின் நடுவில் நின்றது.

மீதியிருந்தது மலை. ஸ்பிரிட் லெவலும் ஸ்டீல் ஸ்கேலும் வைத்து 300 மில்லிமீட்டருக்கு ஒரு முறை ஏற்றத்தை அளந்தேன். காகிதத்தில் 30-க்கு 1. நிஜத்தில் ஓரிடத்தில் 300-க்கு 12.5 ஏறியது, 24-க்கு 1. தாங்கு கட்டை ஒன்று இறங்கி, அதற்கு அடுத்த துண்டு செங்குத்தாகிவிட்டிருந்தது. இன்னொரு பக்கம் பாலத்தின் தளம் 11 மில்லிமீட்டர் பிளைவுட். கீழே ஓடும் ரயிலுக்கு வேண்டியது தலைக்கு மேலே இடைவெளி மட்டுமே. தளத்தின் தடிமனையும் எஞ்சின் வீணாக ஏறிக்கொண்டிருந்தது. பிளைவுட்டைக் கழற்றிவிட்டு 2 மில்லிமீட்டர் அலுமினியப் பட்டை போட்டேன், தண்டவாளத்துக்கு அடியில் காப்பு டேப் ஒட்டி. ஏற வேண்டிய உயரம் 50-இலிருந்து 41 ஆனது. தாங்கு கட்டைகளை அட்டை வைத்துச் சரிசெய்த பிறகு சரிவு முழுவதும் ஏறக்குறைய 37-க்கு 1. நீலகிரியில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12-க்கு 1 வரை போகிறது. அங்கே வழுக்கும் சக்கரத்தோடு போராடாமல், எஞ்சினின் பல்சக்கரம் கவ்வி ஏறும் பற்சட்டத்தைத் தண்டவாளங்களுக்கு நடுவே போட்டுவிட்டார்கள். எனக்கு ஒரு பலகையும் நான்கு அட்டையும் போதுமானதாக இருந்தது.

ஞாயிறு மாலை அப்பாவைக் கூப்பிட்டேன். ஐந்து பெட்டிகள், இரண்டில் விளக்கு. வேகம் வளைவில் கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. பாலத்தில் ஏறி, மறுபக்கம் இறங்கி வந்தது. "இறங்கும்போது பிடித்துக்கொள்ளுமா?" என்று கேட்டார். அதைப் பற்றி நான் யோசித்திருக்கவே இல்லை. நல்லவேளை, மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவே புழுப் பல்சக்கரம் (வார்ம் கியர்) இருப்பதால், சக்கரம் மோட்டாரைச் சுழற்ற முடியாது, தானாக உருண்டு ஓடாது.

மொத்தச் செலவு 3,545 ரூபாய்: தராசு 420, ராடு 160, வைரத் தட்டுகள் 180, ஆல்கஹாலும் காப்டான் டேப்பும் 180, வால்வு டியூப் 5, பச்சைக் குழம்பு 2,600. கடைசி இரண்டும் இப்போது எஞ்சினில் இல்லை. குழம்பு வீண் என்று சொல்ல மாட்டேன். பெட்டிகளிலிருந்தோ எல்லாச் சக்கரங்களிலிருந்தோ மின்சாரம் எடுக்கும் எஞ்சினில், ஒரே ஒரு அச்சுக்குப் போட்டால் நன்றாக உதவும். இதற்குப் பொருந்தவில்லை.

அடுத்த பாதை போடும்போது ஏற்றத்தை நேர்ப் பகுதியில் மட்டும் வைப்பேன், 40-க்கு 1-க்கு மேல் போக மாட்டேன். வாங்கும் ஒவ்வொரு பெட்டியையும் அந்த 600 மில்லிமீட்டர் பலகையில் உருட்டிப் பார்த்த பிறகே பாதைக்கு அனுப்புவேன். ஸ்பிரிங்கை வெட்டுவதற்கு முன் மாற்று ஸ்பிரிங் ஒன்று கையில் வைத்திருப்பேன்.

வளைவின் இரண்டாவது இணைப்பில் எஞ்சின் இன்னும் அரைச் சுற்று வழுக்குகிறது. அங்கே வெளித் தண்டவாளம் கால் மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். இந்த வாரம் அரம் எடுக்க வேண்டும்.